சீட்டு ஒட்டாமல்

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கதைக்குள் ஒரு மனிதர் வந்தவுடன் அவருக்கு ஒரு பெயரும் ஓர் உத்தியோகமும் கொடுத்தாக வேண்டும். 'ரிடையர்டு தாசில்தார் ராமலிங்கம்' என்று எழுதினேனோ இல்லையோ, மீதியை வாசகர்களே எழுதி முடித்துவிடுகிறார்கள். அவருக்கு ஒரு வெள்ளை மீசை முளைத்துவிடுகிறது. கைக்கு ஒரு தடி வந்துவிடுகிறது. காபி ஆறிப் போயிற்று என்று மருமகளிடம் கோபித்துக்கொள்ளும் சுபாவமும் சேர்ந்துவிடுகிறது. இவற்றில் ஒன்றைக்கூட நான் கொடுக்கவில்லை. பெயரும் உத்தியோகமுமாகச் சேர்ந்து கொடுத்துவிட்டன.

ஆகையால் பல வருஷங்களாக நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். என் குறிப்பு நோட்டில் யாருக்கும் பெயர் இராது. 'மழை வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்பவர்', 'பேசும்போது வாசற்கதவையே பார்க்கும் அம்மாள்' என்று இப்படித்தான் இருக்கும். கதை முக்கால்வாசி முடிந்த பிறகு, வேறு வழியில்லை என்ற நிலைமை வரும்போதுதான் பெயர் வைப்பேன்.

இந்தத் தொழில் ரகசியத்தை இங்கே வெளியிடக் காரணம், இதே சங்கடம் விஞ்ஞானிகளுக்கும் உண்டு என்று தெரிந்துகொண்டதுதான். உயிருள்ள உடம்பில் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும் புரதங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒன்றே ஒன்றைத் தனியாகக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர்கள் வெகு காலமாக ஆசைப்பட்டார்கள். பார்க்கவும் பார்த்தார்கள். ஆனால் ஒவ்வொன்றின்மேலும் ஒரு சீட்டு ஒட்டினால்தான் தெரிந்தது. சீட்டு ஒட்டாமல் பார்க்கும் வித்தை சமீப காலத்தில்தான் கைகூடியிருக்கிறது.

எனக்கு இதைச் சொன்னவள் என் அக்காள் மகள். ரசாயனம் படித்துவிட்டு, கடல் கடந்த ஒரு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்கிறாள். லீவில் வந்திருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் தன் மடிக் கணினியைத் திறந்து, "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றாள்.

திரை முழுவதும் ஒரே சாம்பல் நிறம். அதில் லேசாக மணல் கொதிப்பதுபோல் ஒரு சலசலப்பு. சற்று உற்றுப் பார்த்தால் அங்கங்கே ஒரு கறுப்புப் புள்ளி மெல்லத் தோன்றி, ஒரு கணம் நின்று, மறைந்தது. வறண்ட மண்ணில் கோடை மழையின் முதல் தூறல் விழுவதுபோல் இருந்தது.

"தூறல்தான், மாமா. ஆனால் தண்ணீர் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு புரத மூலக்கூறு. ஒன்றே ஒன்று."

"சாயம் கீயம் போட்டிருக்கிறாயா?"

"ஒன்றும் போடவில்லை. அது எப்படி இருக்கிறதோ அப்படியே."

நான் உடனே நம்பிவிடவில்லை. ஏன் என்பதை வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு நானோமீட்டர் என்று பெயர். நம்முடைய தலைமயிரின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர். நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து திரியும் ஹீமோகுளோபின் என்ற புரதம் ஐந்தாறு நானோமீட்டர்தான் இருக்கும். நாம் பார்க்கும் வெளிச்சமோ ஓர் அலை. பச்சை ஒளியை எடுத்துக்கொண்டால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே 500 நானோமீட்டருக்குச் சற்று மேல் இடைவெளி. புரதத்தைப் போல் நூறு மடங்கு! கிணற்று வடத்தைக் கொண்டு ஊசியில் நூல் கோக்கிற கதைதான்.

ஜெர்மனியில் ஜேனா நகரத்தில் இருந்த எர்ன்ஸ்ட் ஆபே என்பவர் 1873-லேயே இதற்குக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். எவ்வளவு உயர்ந்த கண்ணாடிகளைக் கொண்டு உருப்பெருக்கி செய்தாலும், ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதிக்குக் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்ட முடியாது. அதாவது சுமார் 200 நானோமீட்டர்தான் எல்லை.

இதைச் சொல்லி மடக்கிவிடலாம் என்று பார்த்தேன். அவள் சிரித்தாள். "ஆபே சொன்னது இரண்டைப் பிரித்துப் பார்ப்பதைப் பற்றி, மாமா. ஒன்று இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதைப் பற்றி அல்ல. நட்சத்திரத்தின் உருவம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா? வெறும் புள்ளிதானே? அதற்காக நட்சத்திரம் தெரியவில்லை என்று சொல்வீர்களா?"

நியாயமான கேள்வி. நட்சத்திரத்துக்கு இருட்டு வானம் இருக்கிறது. இருட்டைப் பின்னால் வைத்துக்கொண்டால் மிகச் சிறியதும் மின்னும். ஓட்டு வீடுகளில் நடுவே பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் கற்றை இறங்கும்போது, அதில் தூசு மிதப்பதைச் சிறு வயதில் பார்க்காதவர்கள் குறைவு. தூசு வீடு முழுவதும்தான் இருக்கிறது. பின்னால் இருட்டு இருந்தால்தான் தெரிகிறது. இதே தந்திரத்தைக் கொண்டு ஸிக்மாண்டி, ஸீடென்டாப்ஃப் என்ற இருவர், சிவப்புக் கண்ணாடிக்கு அந்த நிறத்தைக் கொடுக்கும் பொன் துகள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து 1903-ல் வெளியிட்டார்கள். ஆபேயின் எல்லைக்கு எத்தனையோ கீழே இருந்த துகள்கள் அவை. ஸிக்மாண்டிக்கு 1925-ஆம் வருஷத்து ரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் புரதத்தையும் அப்படியே பார்த்துவிடலாமே என்றால், அங்கேதான் இயற்கை கையை விரித்துவிடுகிறது. ஒரு சிறு துகள் சிதறடிக்கும் ஒளி, அதன் குறுக்களவின் ஆறாவது அடுக்கைப் பொறுத்தது. கணக்கில் ருசி இல்லாதவர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: துகள் பத்து மடங்கு சிறிதானால் அது தரும் வெளிச்சம் பத்து லட்சம் மடங்கு குறைந்துபோகும். 50 நானோமீட்டர் துகள் பளிச்சென்று தெரிகிற இடத்தில் 5 நானோமீட்டர் புரதம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்பது நமக்குப் புதிதன்று. வானத்தின் நீலம் காற்றின் மூலக்கூறுகள் செய்கிற காரியம். 1921-ல் சர் சி. வி. ராமன் கப்பலில் திரும்பி வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துவிட்டு, இது வானத்தின் பிரதிபலிப்பு மட்டும் அல்ல, தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். ஆனால் வானமும் கடலும் கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்து பாடும் பஜனை. அதில் ஒரே ஒருவருடைய குரலைத் தனியாகக் கேட்பது எப்படி?

இதற்குத்தான் சீட்டு ஒட்டும் வழி வந்தது. 1962-ல் ஷிமோமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி அமெரிக்கக் கடற்கரையில் ஒருவகை ஜெல்லி மீன்களைச் சேகரித்து, அவற்றிலிருந்து பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பச்சை விளக்கை வேறு புரதங்களோடு ஒட்டவைக்கக் கற்றார்கள். 2008-ல் அதற்கு நோபல் பரிசு. 1989-ல் மோர்னர் என்பவர், கலிபோர்னியாவில், கடும் குளிரில் உறைந்த ஒரு படிகத்துக்குள் ஒரே ஒரு மூலக்கூறு ஒளியை விழுங்குவதைக் கண்டுபிடித்தார். அவரும், அவரைப்போல் ஒளிரும் மூலக்கூறுகளைக் கொண்டு ஆபேயின் எல்லையைத் தாண்டிய இருவரும், 2014-ல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். உயிரணுவுக்குள் நடக்கும் காரியங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் மிகப் பெரும் பகுதி இந்த விளக்குகளின் உபயம். அதைக் குறைத்துச் சொன்னால் நாக்கு அழுகிப் போகும்.

ஆனாலும் சில குறைகள் இருக்கின்றன. இந்த விளக்குகள் நெடுநேரம் எரிவதில்லை. சற்று நேரம் ஒளிர்ந்துவிட்டு ஒரேயடியாக அணைந்துவிடும். ஒட்டிய சீட்டின் பாரத்தால் புரதம் தன் சுபாவம் மாறி நடந்துகொள்ளவும் கூடும். இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. இரவில் சுவாமி புறப்பாட்டைத் தெருக்கோடியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? தீவட்டிகள் தெரியும். தீவட்டி பிடிக்கிற ஆளைத் தெரியாது. தீவட்டி இல்லாமல் கூட்டத்தோடு நடந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. விளக்கு யாருக்குக் கொடுத்தோமோ அவரைத்தான் பார்க்க முடியும். எதிர்பாராத விருந்தாளியை ஒருநாளும் பார்க்க முடியாது.

சீட்டில்லாமல் பார்ப்பதற்கு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த உபாயம், நான் கேள்விப்பட்ட கெட்டிக்காரத்தனங்களில் ஒன்று. தம்புரா சுருதி சேர்க்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தந்தியை மட்டும் மீட்டிக் கேட்டால் அது இம்மி பிசகியிருப்பது யாருக்கும் தெரியாது. சரியாக ஒலிக்கும் இன்னொரு தந்தியோடு சேர்த்து மீட்டினால், இரண்டும் கலக்கிற இடத்தில் ஒரு சிறு அலைவு எழுந்து காட்டிக்கொடுத்துவிடும். புரதத்தின் மெல்லிய ஒளிக்கும் அப்படி ஒரு பக்கத் தந்தி வேண்டும். அதற்காக எங்கேயும் போக வேண்டியதில்லை. புரதம் உட்காரும் கண்ணாடி வில்லையே அதைத் தருகிறது.

ஒரு மெல்லிய கண்ணாடி வில்லையின்மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். அதில் புரதங்கள் நீந்துகின்றன. கீழேயிருந்து லேசர் ஒளி போகிறது. கண்ணாடியும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில், வருகிற ஒளியில் ஆயிரத்தில் நாலு பங்கு மட்டும் திரும்பி வரும். அந்தச் சமயம் ஒரு புரதம் வந்து கண்ணாடியில் ஒட்டினால், அது சிதறடிக்கும் துளி ஒளியும் கூடவே வரும். ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து, அந்த இடத்தில் வெளிச்சம் இம்மி குறைகிறது. அதுதான் நான் பார்த்த கறுப்புப் புள்ளி. இப்படிச் சேர்த்துப் பார்ப்பதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. ஆறாவது அடுக்கு போய் மூன்றாவது அடுக்கு வந்துவிடுகிறது. துகள் பத்து மடங்கு சிறிதானால் பத்து லட்சம் மடங்கு நஷ்டமில்லை, ஆயிரம் மடங்குதான்.

ஆயிரம் மடங்கு நஷ்டமும் சாமானியமானதன்று. சாதாரணமாக ஒரு புரதம் விழுந்த இடத்தில் வெளிச்சம் ஆயிரத்தில் ஓரிரண்டு பங்குதான் குறையும். அதைக் கண்டுபிடிக்க முதலில் வெளிச்சத்தைச் சரியாக எண்ணத் தெரிய வேண்டும். வெளிச்சம் என்பதும் மழைத் துளிகளைப்போல் துளித்துளியாகத்தான் விழுகிறது. முற்றத்தில் ஒரு பாத்திரம் வைத்து நூறு துளி எண்ணினால், அடுத்த தடவை தொண்ணூறோ நூற்றுப்பத்தோ விழலாம். பத்தில் ஒரு பங்கு தள்ளாட்டம். பத்து லட்சம் துளி எண்ணினால் தள்ளாட்டம் ஆயிரம்தான். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. எண்ண எண்ணத் தள்ளாட்டம் சிறுத்துக்கொண்டே போகும். ஆகவே காமிரா வினாடிக்கு நூற்றுக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளுகிறது. பல படங்களைச் சேர்த்து எண்ணுகிறார்கள்.

இன்னொரு தொல்லை கண்ணாடி. நம் கைக்கு வழுவழுவென்று இருக்கும் கண்ணாடி, புரதத்தின் கண்ணுக்கு மலையும் மடுவுமாக இருக்கும். அந்த மேடுபள்ளங்களிலிருந்து வருகிற ஒளி புரதத்தை அடியோடு மூழ்கடித்துவிடும். கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துப் பயனில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? மேடுபள்ளம் அசைவதில்லை, புரதம் புதிதாக வந்து விழுகிறது. ஒரு கணம் முன்னால் எடுத்த படத்தால் பின்னால் எடுத்த படத்தை வகுத்துவிட்டால், எப்போதும் இருப்பதெல்லாம் மறைந்துபோய், புதிதாக வந்தது மட்டும் மிஞ்சும்.

இதைக் கேட்டபோது நான் எழுந்து கூடத்தில் இரண்டு நடை நடந்துவிட்டு வந்தேன். ஒரு தெருவில் முப்பது வருஷம் குடியிருக்கிறவனுக்கு அந்தத் தெருவைப் பற்றி ஏன் எழுத வருவதில்லை, புதிதாகக் குடிவந்தவன் மட்டும் ஏன் எழுதிவிடுகிறான் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். எப்போதும் இருப்பதைக் கழிக்க நமக்குத் தெரியவில்லை. இந்தக் காமிராவுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த வித்தை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2004-ல் சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரத்தில் வாஹித் சாந்தோக்தாரின் குழுவினர் மிகச் சிறிய பொன் துகள்களை இம்மாதிரிப் பார்த்தார்கள். அவர் பின்னால் ஜெர்மனியில் எர்லாங்கனுக்குப் போனார். 2014-ல் எர்லாங்கனில் அவர் குழுவும், ஆக்ஸ்போர்டில் ஃபிலிப் குக்குராவின் குழுவும், சீட்டு ஒட்டாத தனிப் புரதங்களைப் பார்த்துவிட்டதாகத் தனித்தனியே அறிவித்தன. 2018-ல் குக்குராவும் அவரோடு சேர்ந்தவர்களும் இன்னும் ஓர் அடி முன்னே போனார்கள். கறுப்புப் புள்ளி எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்று அளந்தால், அந்தப் புரதத்தின் எடை தெரிந்துவிடுகிறது என்று காட்டினார்கள்!

எடை என்றதும் எனக்கு என் பாட்டியின் சமையலறை ஞாபகம் வந்தது. பரண்மேல் ஒரே அச்சில் வார்த்தாற்போல் பத்துப் பன்னிரண்டு தகர டப்பாக்கள். ஒன்றிலாவது பெயர் எழுதியிராது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டாள். ஒரு டப்பாவைக் கையில் தூக்கி, லேசாக ஒரு குலுக்கு. "இது உளுந்து. இன்னும் நாலு நாளைக்கு வரும்" என்பாள். திறந்து பார்த்தால் உளுந்துதான்.

புரதங்களெல்லாம் ஏறக்குறைய ஒரே வகைச் சரக்கால் ஆனவை. ஆகவே எடை கூடினால் புள்ளியின் கறுப்பும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஹைட்ரஜன் அணுவின் எடையைச் சுமார் ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஹீமோகுளோபினின் எடை 64,500. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்புரதம் ஒன்றின் எடை 1,50,000. அந்த எதிர்ப்புரதங்கள் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 40,000 கோடி கோடி நிற்கும்! அதில் ஒன்றை வெளிச்சத்தால் தூக்கிப் பார்த்து, நூற்றுக்கு இரண்டு பங்கு வித்தியாசத்துக்குள் எடை சொல்லிவிடுகிறார்கள்.

ஒவ்வொன்றாக நிறுப்பதில் அப்படி என்ன பிரயோஜனம், மொத்தமாக நிறுத்துச் சராசரி பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சராசரி மனிதனை நான் இதுவரை எந்தத் தெருவிலும் சந்தித்ததில்லை. பரம்பரை நோய்களுக்காக, கெட்டுப்போன மரபணுவுக்குப் பதில் நல்ல மரபணுவை உடம்புக்குள் அனுப்பும் சிகிச்சை ஒன்று இப்போது வந்திருக்கிறது. தீங்கு செய்யாத ஒரு வைரஸின் கூட்டுக்குள் அதை வைத்து அனுப்புகிறார்கள். தயாரிக்கும்போது பல கூடுகள் காலியாகவே நின்றுவிடும். காலிக் கூட்டின் எடை சுமார் 37 லட்சம். நிறைந்த கூடு ஏறத்தாழ 50 லட்சம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒவ்வொன்றாக நிறுத்தால், நூற்றுக்கு எத்தனை காலி என்று சில நிமிஷத்தில் தெரிந்துபோகும். நோய்ப்பட்ட குழந்தையின் ரத்தத்தில் ஏறப்போவது மருந்தா, வெறும் ஓடா என்பது சின்ன விஷயமா?

என் அக்காள் மகளுக்கு இதில் இறங்கக் காரணம் வேறு. என் அக்காளுக்குச் சில வருஷங்களாக வலது கையில் நடுக்கம். பார்க்கின்சன் நோய், நடுக்குவாதம் என்கிறார்கள். அந்தப் பெயர் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து நான் ஒன்றைக் கவனித்து வருகிறேன். பார்க்க வருகிறவர்கள் அக்காளின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறார்கள். அவள் காபி கொண்டுவந்தால் பாதி வழியில் எழுந்துபோய் டம்ளரைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அவள் ஏதாவது மறந்தாலும் அந்த நோய். கோபித்தாலும் அந்த நோய். பிடிக்காத மனிதர்களிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் அந்த நோய்தான். பிடிக்காதவர்களிடம் அவள் பத்து வயதிலேயே பேச மாட்டாள் என்பது எனக்கல்லவா தெரியும்!

ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் இருந்த ஒரு வைத்தியர். 1817-ல் அவர் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் ஆறே ஆறு பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த ஆறு பேரில் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள்கூட இல்லை. தெருவில் போகும்போது கண்ணில் பட்டவர்கள். எப்படிக் குனிந்து நடக்கிறார்கள், நடை எப்படித் தானாக ஓட்டமாக மாறுகிறது என்று நின்று பார்த்து எழுதினார். அவர் பெயர் அந்த நோய்க்கு வந்தது பின்னால்தான். இப்போது எல்லோரிடமும் பெயர் இருக்கிறது. நின்று பார்க்கத்தான் நேரமில்லை.

இந்த நோயாளிகளின் மூளையணுக்களில் சில உருண்டைகள் சேர்ந்திருப்பதை 1912-ல் லேவி என்பவர் கண்டார். அந்த உருண்டைகளில் இருப்பது ஆல்ஃபா சைன்யூக்ளின் என்ற புரதம் என்று 1997-ல் தெரிந்தது. நல்ல மூளையிலும் இருக்கிற புரதம்தான் அது. தனித்தனியாக இருக்கும்வரை சாதுவாக இருக்கிறது. ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தால் விபரீதம். பெரிய உருண்டைகளைவிட, ஆரம்பத்தில் சேரும் சிறு கூட்டங்களே அதிகம் கெடுதல் செய்கின்றனவோ என்று பலர் சந்தேகிக்கிறார்கள்.

அந்தச் சிறு கூட்டங்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க, ஒவ்வொன்றாக நிறுப்பதைவிட நல்ல வழி ஏது? ஆனால் சாதாரணமாக விற்பனைக்கு வரும் கருவிகள் சுமார் 30,000-க்குக் குறைந்த எடையைப் பார்ப்பதில்லை. இந்தப் புரதமோ தனியாக இருந்தால் 14,500-தான். தனி ஆள் தெரியமாட்டான். இருவர் சேர்ந்தால் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். மூவர் கூடிவிட்டால் பிடிபட்டுவிடுவார்கள். 2023-ல் எர்லாங்கன் குழுவினர், கம்ப்யூட்டருக்குப் பயிற்சி கொடுத்து, 10,000-க்குக் கீழேயும் பார்க்க முடிகிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே அந்தத் தனி ஆளுக்கும் ஒளிந்துகொள்ள இனி நெடுநாள் இடம் இராது.

"அப்படியானால் இனி சீட்டே வேண்டாமா?" என்று கேட்டேன். எனக்கு அந்தப் பதில் பிடித்திருக்கும், ஆகையால்தான் கேட்டேன்.

அவள் தலையை ஆட்டினாள். "உங்கள் பாட்டி டப்பா இருக்கிறதே மாமா, அதில் உளுந்தும் பயறும் ஒரே எடை இருந்தால் என்ன செய்வாள்?"

"திறந்து பார்ப்பாள்."

"அதுதான். ஒரே எடையுள்ள இரண்டு புரதங்கள் வந்தால் எனக்கு எது எது என்று தெரியாது. எடைதான் தெரியும், பெயர் தெரியாது. சுத்தம் செய்த ஒரு சொட்டுத் தண்ணீரில் பார்க்கிறவரை சரி. உயிருள்ள அணுவுக்குள் போய்விட்டால் அங்கே இருக்கிற எல்லாமே ஒளியைச் சிதறடிக்கும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஆளைத் தேடுகிற மாதிரி. அங்கே விளக்கு ஒட்டினால்தான் கண்டுபிடிக்க முடியும். ஆகையால் முதலில் சீட்டில்லாமல் பார்த்துக்கொள்வேன். அப்புறம் சீட்டு ஒட்டி, அதே மாதிரிதான் நடந்துகொள்கிறதா என்று சோதித்துக்கொள்வேன்."

முதலில் பார்ப்பது, பிறகு பெயர். என் நோட்டுப் புத்தகத்தின் முறையும் அதுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் அக்காளின் விஷயத்தில் அந்தப் பெருமையும் முழுதாக நிற்கவில்லை. அந்தப் பெயர் வந்த பிறகுதான் அவளுக்குத் தகுந்த மருந்து கிடைத்தது. 1960-களில் பழக்கத்துக்கு வந்த லெவோடோபா என்ற மாத்திரைதான் இன்றும் இந்த நோய்க்கு முக்கியமான துணை. அது இறங்கின ஒரு மணி நேரத்தில் அக்காளால் சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொள்ள முடிகிறது. பெயர் வைக்காமல் வெறுமே அவளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் பித்தானை யாராவது போட்டுவிட வேண்டியிருக்கும்.

"இதிலிருந்து உன் அம்மாவுக்கு ஒரு மருந்து வருமா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"தெரியவில்லை, மாமா. இப்போதைக்கு எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்றாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சமயம் அக்காள் சமையலறையிலிருந்து இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். டம்ளர்கள் டபராவில் கிணுகிணுவென்று தாளம் போட்டன. எழுந்துபோய் வாங்கிக்கொள்ள என் கால் பரபரத்தது. மகளைப் பார்த்தேன், அவள் அசையவில்லை. தாயாரின் கையைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தபடியே இருந்தேன். காபி கொஞ்சம் டபராவில் சிந்தியிருந்தது. சர்க்கரை வழக்கம்போல் எனக்குக் குறைவாகவும் அவளுக்கு அதிகமாகவும் சரியாக இருந்தது.